நான்காவது கல்

அன்று அந்த வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: பசறைக்கு மேலே எட்டாம் மைல் கட்டையில் இருந்த தேயிலைத் தோட்டத்தின் மருந்துக்கார ஐயா குமாரசிங்கம். அவருடைய மனைவி லீலாதேவி. அவர்களுடைய இரண்டாவது மகள் யோகாம்பிகை என்கிற யோகம், வயது இருபத்திரண்டு. மூத்த மகளின் கணவனாக இருந்த இரகுநாதன், ஸாம்பியாவில் ஒரு செம்புச் சுரங்கத்தில் எஞ்சினியர், வயது முப்பத்தெட்டு. தொழிலாளர் லயத்திலிருந்து வந்து வீட்டு வேலை செய்யும் தனலெட்சுமி, தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில். பதுளைக் கடைவீதியில் நகைக்கடை வைத்திருந்த மர்ஸூக். சுவரில், மாலை போட்ட படத்தில், மூத்த மகள் கமலாதேவி.

இவர்களில் மர்ஸூக் வியாபாரத்துக்கு வந்தவன். மற்றவர்கள் நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வைரம் தெரிவு செய்ய உட்கார்ந்திருந்தார்கள். கமலாதேவி ஸாம்பியாவில் செத்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. இடம் வெறுமையாகக் கிடக்கிறது, தங்கச்சிக்காரியும் வளர்ந்துவிட்டாள், ஆகவே அவளை இரகுநாதனுக்கே கொடுப்பதென்று முடிவாகியிருந்தது. அந்த முடிவை எடுத்தபோது யோகத்தை யாரும் கேட்கவில்லை. ஒக்டோபர் பன்னிரண்டாம் திகதி இரகுநாதன் பிளேன் ஏற வேண்டும். அதற்குள் மோதிரமும் போட்டு, கலியாண எழுத்தும் எழுதிவிட வேண்டும். இந்த லீவு தவறினால் அவன் வர இன்னும் இரண்டு வருஷமாகும். அதுவரை காத்திருக்க முடியாது, கண்டியில் இன்னொரு இடம் தயாராக இருக்கிறது என்று அவன் வந்த முதல் நாளே சொல்லிவிட்டான்.

மர்ஸூக் சாரத்துக்கு மேல் கட்டியிருந்த அகலமான பச்சை பெல்ட்டின் பையைத் திறந்து, மூன்று நீலத்தாள் பொட்டலங்களை எடுத்து மேசையில் விரித்தான். வரும் வழியில் பொலிஸ் பஸ்ஸை மறித்துச் சோதித்திருந்தது. எழுபத்து நான்காம் ஆண்டுப் பஞ்சக் காலம் அது, அரிசி கொண்டு போகத் தடை இருந்தது. யாராவது அரிசி கடத்துகிறார்களா என்று ஒவ்வொருவர் பையையும் கவிழ்த்துப் பார்த்தார்கள். பின் சீட்டில் இருந்த ஒரு கிழவியின் முந்தானையிலிருந்து இரண்டு கொத்து அரிசியை அவிழ்த்து எடுத்துக்கொண்டார்கள். மர்ஸூக்கின் பையில் ஒரு லென்ஸும் வெள்ளைத் துணியும் இருந்தன. இடுப்பில் என்ன என்று யாரும் கேட்கவில்லை. அந்த வருஷம் வைரத்தைத் தேடுகிற எண்ணம் எவனுக்கும் இல்லை.

மூன்றும் பழைய கற்கள். வெளிநாட்டிலிருந்து வைரம் வருவது நின்று நாலு வருஷமாகிறது. இனி இந்த நாட்டில் ஒருத்தி வைரம் வாங்கினால், அது முன்னே வேறு ஒருத்தியின் காதிலோ மூக்கிலோ இருந்ததாகத்தான் இருக்கும். அவள் ஏன் விற்றாள், செத்தாளா, புருஷன் விட்டுப் போனானா என்பதை வாங்குகிறவர்கள் கேட்பதில்லை. கடைக்காரனும் சொல்வதில்லை.

அதற்குத்தான் மூன்று இரவுச் சோதனை. கல்லை மஞ்சள் தோய்த்த துணியில் முடிந்து, போடப் போகிற பெண்ணின் தலையணைக்குக் கீழே மூன்று இரவு வைக்க வேண்டும். கெட்ட கனவு கண்டால், காய்ச்சல் வந்தால், வீட்டில் கண்ணாடி எதுவும் உடைந்தால், கல் ஒத்துக்கொள்ளவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம். ஏன் என்று கடைக்காரன் கேட்கக் கூடாது. மர்ஸூக்கின் வாப்பா காலத்திலிருந்து அதுதான் தொழில் வழக்கம். மர்ஸூக்குக்கு இதில் நம்பிக்கை கிடையாது. நன்மையும் தீமையும் அல்லாஹ்விடமிருந்து வருவது, கல்லுக்கு என்ன தெரியும். ஆனால் நம்புகிறவர்கள்தான் வைரம் வாங்க வருகிறார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு கல்லைக் கொடுப்பான்.

இரகுநாதன் தானே நூலெடுத்து யோகத்தின் விரலை அளந்தான். சுற்றி முடிந்த பிறகும் நூலை விடவில்லை. இழுத்துப் பிடித்தபடியே சுரங்கத்துப் பங்களாவைப் பற்றியும் அங்கே கிடைக்கும் இறைச்சியைப் பற்றியும் குமாரசிங்கத்திடம் கதைத்துக்கொண்டிருந்தான். விரல் நுனி சிவந்து, பிறகு நீலமாகிக்கொண்டு வந்தது. யோகம் கையை இழுக்கவில்லை, முகத்தையும் சுளிக்கவில்லை.

"கமலாவின்ர விரல் இதைவிடத் தடிப்பு" என்று சொல்லி ஒருவழியாக நூலை விட்டான்.

லீலாதேவி கற்களை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். எது பிடித்திருக்கிறது என்று மகளைக் கேட்டாள். யோகம் பாராமலே நடுவில் இருந்ததைக் காட்டினாள். பிறகு மர்ஸூக்கைப் பார்த்தாள்.

"நானா, அக்காவுக்கும் நீங்கள்தானே கல் குடுத்தனீங்கள்?"

ஆமென்றான்.

"அது திரும்பி வந்ததோ?"

வரவில்லை என்றான். முதல் கல்லே ஒத்துக்கொண்டது. மூன்று இரவும் மூத்தவள் நல்ல நித்திரை கொண்டாள் என்று லீலாதேவி அப்போது பலகாரத்தோடு ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தாள். அது மர்ஸூக்குக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. யோகம் தலையாட்டினாள். குமாரசிங்கம் எழுந்து, டிஸ்பென்சரியில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று வெளியே போனார்.

ஆட்கள் காத்திருந்தது உண்மை. முற்றத்துக்கு அந்தப் பக்கம் டிஸ்பென்சரித் திண்டில் காலையிலிருந்து வரிசையாகக் குந்தியிருந்தார்கள். மாவும் இல்லை, அரிசியும் இல்லை. மரவள்ளியையும் முருங்கை இலையையும் அவித்துத் தின்று கால் வீங்கிப் போனவர்கள். அதற்கு அவரிடம் மருந்து கிடையாது. ஒரு வெள்ளைக் குளிகையைக் கொடுத்துப் பதிவுப் புத்தகத்தில் பெயர் எழுதுவார். அந்த மாதம் அதே புத்தகத்தின் பின்பக்கத்தில் செத்தவர்களின் பெயரையும் எழுதத் தொடங்கியிருந்தார்.

வியாழக்கிழமை கல் திரும்பியது. காது அறுந்த ஒரு பெண் கட்டில் காலடியில் நின்று தன் தோட்டைக் கேட்டாள் என்று யோகம் கனவு கண்டிருந்தாள். கேட்கக் கூடாது என்பது கடைக்காரனுக்குத்தான் வழக்கம். லீலாதேவிக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை. அவளாகவே முழுக்கச் சொன்னாள். மர்ஸூக்கிடம் மட்டுமல்ல, பசறைச் சந்தையில் கண்டவர்களிடமும் சொன்னாள்.

கல் ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்குள் வர வேண்டும் என்பது லீலாதேவியின் கணக்கு. அடுத்த ஞாயிறு இரண்டாவது கல் போனது. வியாழன் அதுவும் வந்தது. இந்த முறை, கிணற்றுக்குள் கிடந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம்.

அதை வாங்கிக்கொண்டு மர்ஸூக் பஸ்ஸுக்கு இறங்கும்போது, தண்ணீர்க் குடத்தோடு தனலெட்சுமி எதிரே ஏறி வந்தாள். குடத்தை வரம்பில் வைத்துவிட்டு நின்றாள்.

"என்னா மொதலாளி, இதுவும் வேணாமாமா?"

ஒத்துக்கொள்ளவில்லையாம் என்றான் மர்ஸூக்.

"அந்தப் புள்ள தூங்கவே இல்லீங்களே. விடிய விடியக் கட்டில்ல குந்திக்கிட்டிருக்கு. நான் வெள்ளனாப் போறப்ப எல்லாம் முழிச்சுத்தான் இருக்கு. தூங்காத புள்ளைக்கு எங்கிட்டிருந்து வருது கனவு?" என்று கேட்டுவிட்டுத் தனலெட்சுமி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, ஐயா வீட்டில் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். மர்ஸூக் சொல்லவில்லை.

அன்று வீட்டில் நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது இதை மனைவி றஷீனாவிடம் சொன்னான். நோன்பு தொடங்கி மூன்றாம் நாள் அது. றஷீனா அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினாள். "அது கல்லத் திருப்பி அனுப்பல்ல. மாப்புளயத் திருப்பி அனுப்பப் பாக்குது. விடுங்க, நம்ம கல்லு தேஞ்சா போகுது?" என்றாள்.

கல் தேயவில்லை. பெயர்தான் தேய்ந்தது. பண்டாரவளையில் ஒரு யாழ்ப்பாணத்து ஆசிரியர் வீட்டார் ஆறு மாதமாகப் போட்டிருந்த தோட்டைக் கழற்றிக்கொண்டு வந்து, தாய்க்கு நெஞ்சுவலி வந்தது இதனால்தான், கல்லை மாற்றித் தா என்று கடையில் உட்கார்ந்தார்கள். உருளைக்கிழங்கு இறக்குமதி நின்றதிலிருந்து வெலிமடையில் நல்ல பணம் புழங்கியது. அங்கே ஒரு கிழங்கு வியாபாரி மகளுக்கு ஒரு செட் முழுக்கப் பேசி வைத்திருந்தான். இப்போதைக்கு வேண்டாம் என்று ஆள் சொல்லி அனுப்பினான். எல்லாம் பழைய கல். ஒன்றில் தோஷம் என்றால் எல்லாவற்றிலும் தோஷம். புதிய கல் வரவழைத்துக் காட்டவும் வழியில்லை. கடையில் மிச்சமிருந்த பதினொரு வைரங்களும் பெட்டிக்குள் வெறும் கண்ணாடிபோலக் கிடந்தன.

மூன்றாவது கல்லைத் திரும்ப வாங்கப் போன வியாழனன்று லீலாதேவி குளித்துக்கொண்டிருந்தாள். இரகுநாதன் பதுளைக்குப் போயிருந்தான். யோகமே பொட்டலத்தோடு வாசலுக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது. பதினெட்டு நாள் சரியாகத் தூங்காத முகம். படலை வரைக்கும் கூட நடந்து வந்து பொட்டலத்தைக் கொடுத்தாள்.

"இன்னும் ரெண்டு கல் கொண்டு வாங்கோ நானா. ஒண்டு இந்த ஞாயிறு, மற்றது அடுத்த ஞாயிறு. அது காணும்."

மர்ஸூக் மனதுக்குள் எண்ணிப் பார்த்தான். நான்காவது திரும்பி வர மூன்றாம் திகதி. ஐந்தாவது திரும்பி வரப் பத்தாம் திகதி. அதற்குப் பிறகு மோதிரம் செய்யவும் நேரமில்லை, எழுத்துக்கும் நேரமில்லை. இவள் விரல் விட்டு எண்ணித்தான் வைத்திருக்கிறாள்.

ஒன்றும் பேசாமல் போயிருக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்டுவிட்டான். கல்லைப் பற்றிக் கேட்கவில்லை.

யோகம் வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அக்கா வலக்கைக்காரி. ஸாம்பியாவிலிருந்து வந்த கடைசி ஆறு கடிதங்களும் இடக்கையால் எழுதியவை. எழுத்து சின்னப் பிள்ளையினுடையதுபோலச் சரிந்து கிடந்தது. கதவில் கை நசுங்கிவிட்டது என்று முதல் கடிதத்தில் இருந்தது. அடுத்த ஐந்தில் கையைப் பற்றி ஒன்றுமே இல்லை. பிறகு மலேரியா என்று தந்தி வந்தது. உடம்பு வரவில்லை.

"ஆறு மாசமா ஒரு கை நசிஞ்சபடியே கிடக்குமோ? நான் அதைப் படிச்சது ஒரு தரம். அப்பா ஒவ்வொண்டையும் நாலைஞ்சு தரம் படிச்சவர். கை முறிஞ்சவைக்கு மட்டை கட்டுறவர் அவர்."

"ஐயாக்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டனான். அடுத்த வருசம் வேலை முடியுது, இந்த வீட்டை விட வேணும், போறதுக்கு எங்கை இடமெண்டு என்னைத் திருப்பிக் கேட்டவர்."

அது மர்ஸூக்குக்கும் தெரிந்த சங்கதி. சொந்த ஊரில் அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு வீடு. அது கமலாதேவிக்குச் சீதனமாக எழுதப்பட்டது. அவள் செத்ததும் இரகுநாதன் கைக்குப் போனது. அவன் கண்டிப் பெண்ணைக் கட்டினால் குமாரசிங்கமும் மனைவியும் ஓய்வுக்குப் பிறகு நிற்க நிழல் இல்லை. யோகத்தைக் கட்டினால் அந்த வீட்டில் சாகும்வரை இருக்கலாம்.

"நான் கல் விக்கிற ஆள், தங்கச்சி" என்றான் மர்ஸூக்.

"ஓம். அதுதான் கல்லைக் கேக்கிறன்" என்றாள்.

மறுநாள் ஜும்மாவுக்குப் பிறகு, பள்ளிவாசல் படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது ஹுமைத் ஹாஜியார் மர்ஸூக்கின் தோளைத் தொட்டார். கடைவீதி நகைக்காரர்களில் மூத்தவர் அவர். ஒரு பேச்சு அடிபடுகிறது, உண்மையா பொய்யா எனக்குத் தெரியாது, உன் கல்லெல்லாம் மையித்திலிருந்து கழற்றினது என்று சொல்கிறார்கள், வாப்பா வைத்த பெயரைப் பார்த்து நடந்துகொள் என்றார். பிணத்துக் காதில் அறுத்தவன் என்று ஒரு ஊர் சொல்லத் தொடங்கினால், அந்த ஊரில் ஒருவன் மூக்குத்திகூட விற்க முடியாது. நோன்பு வாயோடு மர்ஸூக் கடைக்கு வந்து, முன்பலகையைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தான்.

பிறகு உள்ளே போய், கீழ்த் தட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்தான். மாத்தறைக் கல். தென்பகுதி மண்ணில் தோண்டி எடுப்பது. பட்டை தீட்டினால் வைரம்போலவே எரியும். மாத்தறை வைரம் என்று பெயர் சொல்லி விற்பார்கள். ஆனால் வைரமில்லை. வைரத்துக்கு உள்ள குணமும் இல்லை, தோஷமும் இல்லை. விவரம் தெரியாத கண்ணுக்கு இரண்டும் ஒன்று. அதை நீலத்தாளில் மடித்து, மற்றப் பொட்டலங்களைப்போலவே மேலே எடையைக் குறித்தான்.

றஷீனா பார்த்துக்கொண்டு நின்றாள். தான் என்ன செய்யப் போகிறான் என்பதை அவளிடம் சொன்னான். இதையும் வேண்டாம் என்று யோகம் திருப்பினால், எல்லோர் முன்னாலும் பிரித்துக் காட்டப் போகிறேன், இது வைரமே இல்லை, அப்படியானால் கனவு கல்லால் வந்ததில்லை, என் கல் சுத்தம் என்று ஊருக்குத் தெரிய வேண்டும்.

"அந்தப் புள்ள என்ன ஆகும்?"

அதை அவன் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தான். அது அவர்கள் வீட்டுக் காரியம் என்று யோசித்தான். இரண்டு திட்டு வாங்குவாள், நாலு நாள் அழுவாள் என்று யோசித்தான்.

"மாத்தறைக் கல்ல மாத்தறைக் கல்லுன்னு சொல்றது பொய்யா?" என்று கேட்டான்.

"மூணு நாளைக்கு வைரம்னு சொல்லித்தானே குடுப்பீங்க. நோன்போட" என்று சொல்லிவிட்டு றஷீனா உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொட்டலத்தை அவன் லீலாதேவியின் கையில் கொடுத்தான். வைரம் என்ற சொல்லை வாயால் சொல்லவில்லை. கல் கொண்டு வந்திருக்கிறேன் என்றுதான் சொன்னான். அதில் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. பஸ் பதுளைப் பக்கமாகத் திரும்புவதற்குள் அந்த ஆறுதலும் போய்விட்டது. இறங்கித் திரும்பிப் போய்ப் பொட்டலத்தை மாற்றலாமா என்று நினைத்தான். இறங்கவில்லை.

வியாழன் போனபோது மறுபடி எல்லோரும் முன்னறையில் இருந்தார்கள். மேசையில் மஞ்சள் துணி முடிச்சு கிடந்தது. லீலாதேவி அழுது முகம் வீங்கியிருந்தாள். இரகுநாதன் கதிரையில் சாய்ந்து, விரல் அளந்த அதே நூலைச் சுண்டுவிரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். யோகம் அக்காவின் படத்துக்குக் கீழே நின்றாள். மர்ஸூக்கைக் கண்டதும், காரியம் நடக்கிறது என்பதுபோல மிக லேசாகத் தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பைப் பார்க்காதிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு அவன் எத்தனையோ தரம் நினைத்தான்.

இந்தக் கல்தான் எல்லாவற்றிலும் மோசம் என்றாள் லீலாதேவி. மூன்று இரவும் ஒரே கனவு. பாடையில் தன்னையே தூக்கிப் போகிறார்களாம். "உங்களிட்டை நல்ல கல்லே இல்லையோ தம்பி? எங்கையிருந்து எடுக்கிறனீங்கள் இதுகளை?"

மர்ஸூக் முடிச்சை அவிழ்த்தான். பெல்ட்டிலிருந்து முதல் கல்லின் பொட்டலத்தையும் எடுத்து, இரண்டையும் வெள்ளைத் துணியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். அம்மாவை ஊதிப் பார்க்கச் சொன்னான். வெளியே மூடுபனி, உள்ளேயும் குளிர். லீலாதேவி குனிந்து இரண்டின் மேலும் ஊதினாள். முதல் கல்லில் படிந்த ஆவி கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போனது. மற்றதில் மங்கலாக அப்படியே நின்றது.

"ஆவி நிக்கிறது வைரமில்ல" என்றான் மர்ஸூக். "இது மாத்தறைக் கல்லு. ஞாயித்துக்கிழமை நான் வேணும்னுதான் இதக் கொண்டு வந்தேன். வைரத்துக்குத்தானே தோஷம் பாக்கிறது. இதுக்கு ஒரு தோஷமும் கிடையாது. இத வெச்சும் கனவு வந்துதுன்னா, என் கல்லுல குத்தமில்லம்மா."

நேற்றிலிருந்து மனப்பாடம் பண்ணி வைத்திருந்த பேச்சு அது. சொல்லி முடித்ததும் யாராவது தன்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தான். பொய்க் கல்லைக் கொடுத்து ஏமாற்றினாயா என்று கேட்பார்கள், அதற்கும் பதில் வைத்திருந்தான். ஒருவரும் கேட்கவில்லை. குசினி வாசலில் தனலெட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

லீலாதேவியின் முகத்தில் கோபம் வரவில்லை. முகம் மெல்லத் தெளிந்து கொண்டுவந்தது. "அப்ப முதல் கல்லிலை ஒரு பிழையும் இல்லைத்தானே, தம்பி?" என்று கேட்டாள். அவளுடைய பயமெல்லாம் கல்லைப் பற்றியதாகத்தான் இருந்தது. அது தீர்ந்துவிட்டது.

இல்லை என்றான் மர்ஸூக். அதைச் சொல்லத்தானே வந்திருந்தான்.

இரகுநாதன் சத்தமில்லாமல் சிரித்தான். "கமலாவும் உப்பிடித்தான் மாமி. சின்னச் சின்னப் பொய். பிறகு பழகிட்டா" என்றான்.

யோகம் அவனைப் பார்க்கவில்லை. தகப்பனிடம் போய் நின்றாள். குரலை உயர்த்தவும் இல்லை.

"அக்காவுக்குக் கனவு ஒண்டும் வரேல்லை அப்பா. மூண்டு நாளும் நல்லா நித்திரை கொண்டவ. உங்களிட்டைத்தானே இருக்கு அந்தக் கடிதங்கள். எடுத்துக்கொண்டு வாங்கோ. இவருக்கு முன்னாலை வைச்சு, எந்தக் கதவிலை நசிஞ்சதெண்டு கேளுங்கோ."

குமாரசிங்கம் எழுந்தார். கடிதத்தை எடுக்கத்தான் போகிறார் என்று ஒரு கணம் மர்ஸூக் நினைத்தான். அவர் வாசலைத் தாண்டி முற்றத்தில் இறங்கி டிஸ்பென்சரிப் பக்கம் நடந்தார். தங்களைப் பார்க்கத்தான் ஐயா வருகிறார் என்று, திண்டில் குந்தியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு எழும்பினார்கள். அவர் கதவிலிருந்த பெரிய பித்தளைப் பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பி வந்தார். எழும்பியவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார்கள்.

பூட்டைப் பார்த்ததும் லீலாதேவிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. யோகத்தின் அறைக்குள் போனாள். கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். சாரிகளை ஒரு கட்டாகக் கட்டித் தனலெட்சுமியிடம் கொடுத்தாள். மண்ணெண்ணெய் விளக்கைக் கொண்டுவந்து முன்னறை மூலையில் வைத்தாள். மூத்த மகள் செத்தபோது அழுத அதே அழுகையை அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். எட்டாம் திகதி நல்ல நாள், அதுவரைக்கும்தான், ஐந்து நாள்தான் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டாள்.

மோதிரம் திங்கட்கிழமைக்குள் கிடைக்குமா என்று இரகுநாதன் கேட்டான். கிடைக்கும் என்று மர்ஸூக்கின் வாய் சொன்னது. குமாரசிங்கம் முதல் கல்லை ஒரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இதுதான் என்று மர்ஸூக்கிடம் திருப்பிக் கொடுத்தார். இரகுநாதன் சுண்டுவிரலிலிருந்து நூலை உருவி, அளவு என்று அதையும் கொடுத்தான். நூல் ஈரமாக இருந்தது.

யோகத்தை யாரும் பிடித்து இழுக்கவில்லை. அவளாகவே அறையை நோக்கி நடந்தாள். மர்ஸூக்கைத் தாண்டும்போது நின்றாள். அவன் நிலத்தைப் பார்த்தான்.

"ஒரு கல்லுத்தானே நானா இன்னும் இருந்தது" என்றாள்.

பதினொரு கல் இருந்தது கடையில். பன்னிரண்டாவதாக இந்த மாத்தறைக் கல். ஒவ்வொன்றையும் கொண்டு வந்திருக்கலாம், ஒவ்வொன்றும் திரும்பி வந்திருக்கும், இந்த மனிதன் பிளேன் ஏறியிருப்பான். பெயரை வேறொரு வருஷத்தில் தேடிக்கொண்டிருக்கலாம். ஐயாவிடம் ஒரு வார்த்தை பேசலாம் என்று மர்ஸூக் வாயைத் திறந்தான். கமலாதேவியின் கடிதங்களை வைத்து இரகுநாதனைப் பற்றிச் சொல்ல, அவன் அந்த வீட்டுக்கு யார்? கல் நல்ல கல் என்று சொல்ல வந்தவன். சொல்லியாகிவிட்டது. நூலைச் சுருட்டிப் பொட்டலத்தோடு பெல்ட் பைக்குள் போட்டான்.

யோகம் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். அந்த அறை ஜன்னலுக்கு இரும்புக் கம்பி, அதற்கு அப்பால் பனி. தலையணை சுவரோரம் கிடந்தது. இனி அதற்குக் கீழே வைக்க ஒன்றும் இல்லை.

குமாரசிங்கம் கதவைச் சாத்தினார். டிஸ்பென்சரிப் பூட்டு அறைக் கதவின் வளையத்துக்குக் கொஞ்சம் பெரிது, சரித்துப் பிடித்துத்தான் மாட்ட வேண்டியிருந்தது. மாட்டி, அழுத்திப் பூட்டி, ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.